தோற்ற நாளிலிருந்து அடுத்த போட்டி வரை: விளையாட்டு வீரர்கள் மனதைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

2024 நவம்பர் 25, சிங்கப்பூர். உலக சதுரங்க சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டத்திலேயே, அதுவும் வெள்ளைக் காய்களுடன் ஆடி, அப்போதைய உலக சாம்பியன் சீனாவின் டிங் லிரெனிடம் குகேஷ் தோற்றார். மொத்தம் 14 ஆட்டங்கள். மறுநாளே அடுத்த ஆட்டம், இந்த முறை கறுப்புக் காய்கள். தோற்றுவிட்டு அறைக்குத் திரும்பும்போது விஸ்வநாதன் ஆனந்தை எதிரே பார்த்ததையும், அவர் சொன்னதையும் பட்டம் வென்ற பிறகு குகேஷே செய்தியாளர்களிடம் சொன்னார். எனக்கு 11 ஆட்டம்தான் மிச்சம் இருந்தது, உனக்கு 13 இருக்கிறது என்றாராம் ஆனந்த். 2010-இல் சோஃபியாவில் டோபலோவை எதிர்த்து ஆடிய 12 ஆட்டப் போட்டியில் ஆனந்தும் முதல் ஆட்டத்தைத் தோற்றவர்தான். கடைசி ஆட்டத்தை வென்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

அந்தப் பேச்சில் ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லை. எந்த நகர்த்தல் தப்பு என்ற விளக்கமும் இல்லை. அந்த மாலை நேரத்தில் அந்தப் பையனால் எதைத் தாங்க முடியுமோ அதை மட்டும் கொடுத்தார். மறுநாள் டிரா, அதற்கு மறுநாள் குகேஷுக்கு வெற்றி.

தோல்விக்குப் பிறகு என்ன செய்யலாம் என்பதில் பெரும்பாலும் யாருக்கும் சந்தேகம் இல்லை: ஓய்வு எடு, தப்பைப் பார், திருத்து, மறுபடி ஆடு. எதை எப்போது செய்வது என்பதில்தான் கோளாறு. தோற்ற அரை மணி நேரத்தில் ஆய்வு, அன்று இரவே தண்டனைப் பயிற்சி, ஒரு வாரம் கழித்தும் அழுகை என்று எல்லாம் இடம் மாறிப் போகிறது. உடம்பு முதலில், உணர்ச்சி அடுத்தது, அதற்கப்புறம் என்ன நடந்தது என்ற கணக்கு, கடைசியில் பயிற்சி. இந்த வரிசையில்தான் கீழே போகப்போகிறோம். மாவட்டப் போட்டியில் ஓடும் பள்ளி மாணவர் முதல் லீக் ஆடும் கிளப் வீரர் வரை எல்லோருக்கும் இது பொருந்தும்.

படி 1: மைதானத்தை விட்டு வெளியே வரும் வரை

விசில் ஊதியதும் உடம்புக்குப் போட்டி முடிந்துவிடுவதில்லை. அட்ரினலினும் கார்டிசோலும் ரத்தத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். வியர்வையில் தண்ணீர் போயிருக்கும், வயிறு காலியாக இருக்கும், கை லேசாக நடுங்கும். இந்த நிலையில் மனசுக்கு எதுவும் உள்ளபடி தெரியாது, எல்லாம் இன்னும் மோசமாகத்தான் தெரியும். அதனால் முதல் வேலை உடம்பை இறக்குவது.

எதிராளிக்குக் கை கொடுங்கள், நடுவருக்குத் தலையசையுங்கள். அதோடு மரியாதைக் கடன் முடிந்தது. பிறகு தொப்பென்று உட்காராமல் ஐந்து, பத்து நிமிடம் மெதுவாக நடங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நனைந்த சட்டையை மாற்றுங்கள். மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். வெளியே விடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தானாக இறங்கும். அழுகை வந்தால் அழலாம். "ஆம்பளப் பையன் அழலாமா" என்று இன்னமும் சில மைதானங்களில் கேட்கிறார்கள், அதைக் காதில் வாங்க வேண்டாம்.

மட்டையை எறிவது, நாற்காலியை உதைப்பது, சுவரில் குத்துவது எல்லாம் ஆத்திரத்தைத் தணிக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆய்வுகள் சொல்வது நேர்மாறாக. ஆத்திரத்தை நினைத்துக்கொண்டே எதையாவது அடித்தால் அது கூடத்தான் செய்கிறது. விரல் எலும்பு முறிந்தால் அது தனிச் செலவு.

இந்த நேரத்தில் முடிவு எதுவும் எடுக்கக் கூடாது. "இதோட விட்டுடறேன்", "வேற கோச்சுக்கிட்ட போறேன்", "இனிமே ஓப்பனிங் இறங்க மாட்டேன்" எல்லாம் இரண்டு நாள் கழித்தும் மனதில் இருந்தால் அப்போது பேசலாம். ஒரே விதிவிலக்கு முறையீடு. தடகளத்தில் முடிவு அறிவித்த 30 நிமிடத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அப்படி ஏதாவது இருந்தால் அதைக் கோச்சோ மேனேஜரோ பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் நடந்துகொண்டே இருங்கள்.

இன்னொன்று. வெளியே வந்ததும் பத்துப் பேர் "என்னாச்சு?" என்று கேட்பார்கள். பி.டி. சார் கேட்பார், எதிர்வீட்டு மாமா போனில் கேட்பார். ஒவ்வொருவருக்கும் புதிதாக விளக்கம் சொன்னால் ஒரே காயத்தைப் பத்து முறை கிளறுவதாகிவிடும். ஒரு வரியை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்: "இன்னைக்குச் சரியா வரலை, அப்புறம் பேசறேன்." அது போதும்.

அடுத்த ஆட்டம் ஒரு மணி நேரத்தில் என்றால்

பூப்பந்து, கபடி, கேரம், மல்யுத்தம் மாதிரி ஒரே நாளில் பல ஆட்டங்கள் வரும் போட்டிகளில் துக்கம் கொண்டாட நேரம் கிடையாது. கிரிக்கெட்டில் இன்னும் மோசம், அடுத்த ஓவரே வந்துவிடும்.

2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுடன் துபாயில் நடந்த சூப்பர் 4 ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 18-ஆவது ஓவரில் ஆசிஃப் அலியின் எளிய கேட்ச்சை அர்ஷ்தீப் சிங் விட்டார். அப்புறம் கடைசி ஓவரில் 7 ரன்னைத் தடுக்கப் பந்து அவர் கைக்கே வந்தது. அந்த ஓவரில் அதே ஆசிஃப் அலியை எல்.பி.டபிள்யூ. ஆக்கி ஆட்டத்தை ஐந்தாவது பந்து வரை இழுத்தார். இந்தியா தோற்றதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த ஓவர்தான் பாடம்.

இந்த மாதிரி நேரத்துக்கு ஒரு சுருக்க வழி உண்டு. ஒரு நீண்ட மூச்சு. கையால் செய்யும் ஒரு சின்னச் செயல்: கையுறையைக் கழற்றி மாட்டுவது, ஷூ லேஸைக் கட்டுவது, துண்டால் முகம் துடைப்பது. அப்புறம் அடுத்த பந்துக்கான ஒரே ஒரு கட்டளை, "யார்க்கர், ஆஃப் ஸ்டம்ப்" என்ற அளவுக்குச் சின்னதாக. மற்ற அத்தனையும் மாலைக்கு. இதைப் பயிற்சியிலேயே பழகியிருக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவில் புதிதாக முயன்றால் வராது.

படி 2: வீடு திரும்பும் வழி

ஒரு பிள்ளை விளையாட்டை விட்டுப் போகும் எண்ணம் பெரும்பாலும் மைதானத்தில் தோன்றுவதில்லை, வண்டியில் திரும்பும்போதுதான் தோன்றுகிறது என்பது என் எண்ணம். பைக்கில் முன்னால் அப்பா, பின்னால் பிள்ளை. முகம் பார்க்க முடியாது, இறங்கிப் போகவும் முடியாது. அப்போதுதான் ஆரம்பிக்கும்: "அந்த ஷாட்டை ஏன் ஆடினே? நான் எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?" அப்பாவுக்கு அது அக்கறை. காலையில் நாலரை மணிக்கு எழுந்து கூட்டிப்போனவர் அவர், ஷூவுக்குக் கடன் வாங்கியவரும் அவர்தான். பிள்ளையின் காதில் விழுவது வேறு: நான் நல்லா ஆடினால்தான் இந்த வீட்டில் எனக்கு இடம்.

பெற்றோருக்கு ஒரு விதி. வீடு போய்ச் சேரும் வரை ஆட்டத்தைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். பிள்ளை எடுத்தால் கேளுங்கள், திருத்தாதீர்கள். பேசாமலே வந்தாலும் தப்பில்லை. ஆனால் சும்மா இருப்பதற்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கும் வித்தியாசம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். "பசிக்குதா, எங்கயாவது நிறுத்தவா?" என்ற ஒரு கேள்வி அந்த வித்தியாசத்தைக் காட்டிவிடும்.

உண்மையிலேயே நிறுத்துங்கள். போட்டிக்குப் பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சோறோ இட்லியோ, கூடவே முட்டை, பருப்பு, தயிர் என ஏதாவது புரதமோ உள்ளே போக வேண்டும். தோற்ற அன்று பசி தெரியாது, அதனால்தான் இதைச் சொல்லிச் செய்ய வேண்டியிருக்கிறது. "ஜெயிச்சா பிரியாணி" என்ற ஏற்பாட்டையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தோற்ற அன்றைக்கும் அதே கடையில் அதே பிரியாணி வாங்கிக் கொடுங்கள்.

அணியோடு பேருந்திலோ ரயிலிலோ திரும்புகிறவர்களுக்கு வேறு சிக்கல். யாரால் தோற்றோம் என்ற பேச்சு அங்கே கிசுகிசுப்பாக ஆரம்பிக்கும். அதை நிறுத்துவது கேப்டனின் வேலை. "நாளைக்கு மீட்டிங்ல பேசலாம், இப்ப சாப்பிடுங்க" என்று ஒருவர் சத்தமாகச் சொன்னால் போதும்.

படி 3: கைபேசி

அன்று இரவு சமூக ஊடகம் வேண்டாம். அர்ஷ்தீப் விட்ட அந்தக் கேட்ச்சுக்காக அன்று இரவே இணையத்தில் வசை மழை பொழிந்தது. அதில் ஒரு வரிகூட அவருடைய ஃபீல்டிங்கைத் திருத்தியிருக்காது. 2024 டி20 உலகக் கோப்பையில் 17 விக்கெட்டுடன் அதிக விக்கெட் எடுத்தவர்கள் வரிசையில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். திட்டியவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்து ஏதாவது எழுதினார்கள்?

உள்ளூர் வீரருக்கு வரும் ஆபத்து வாட்ஸ்அப் குழுதான். ஒரு நாள் ம்யூட்டில் போடுங்கள். விளக்கமோ மன்னிப்போ எழுத வேண்டுமென்று தோன்றினால் எழுதுங்கள், அனுப்ப வேண்டாம்.

படி 4: முதல் இரவு – என்ன உணர்ச்சி என்று பெயர் வையுங்கள்

விளக்கை அணைத்ததும் அந்த ஒரு காட்சி திரும்பத் திரும்ப ஓடும். அதை நிறுத்தப் பார்த்தால் இன்னும் வேகமாக ஓடும். "மூட் அவுட்", "டென்ஷன்" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல், உள்ளே இருப்பது என்ன என்று பிரித்துப் பாருங்கள். உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைப்பதே அதன் வீரியத்தைக் கொஞ்சம் குறைக்கிறது என்று உளவியல் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

சோகம் என்றால் ஏதோ ஒன்று கைவிட்டுப் போயிருக்கிறது: மாநில அணி இடம், பதக்கம், கடைசி ஆண்டு வாய்ப்பு. இதற்கு நேரமும் பக்கத்தில் ஒரு ஆளும் வேண்டும். அறிவுரை வேண்டாம். நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து வேறு எதையாவது பேசிக்கொண்டிருந்தாலே பாதி இறங்கும்.

கோபம் நடுவர் மேல், கூட்டாளி மேல், தன் மேல் என்று யார் மேலும் வரும். மறுநாள் காலை ஒரு மெதுவான ஓட்டமோ நடையோ உதவும். அதற்குப் பிறகு வீடியோ இருந்தால் பாருங்கள். நடுவர் முடிவு உண்மையிலேயே தப்பாக இருக்கலாம். அப்படியானால் "அது தப்பு, எனக்கு அநியாயம் நடந்தது" என்று ஒப்புக்கொள்வதில் தவறில்லை. ஆட்டத்தின் மற்ற பகுதி முழுவதையும் அந்த ஒரு முடிவின் கணக்கில் எழுதாமல் இருந்தால் சரி.

பயம் பெரும்பாலும் தகவல் இல்லாததால் வளர்கிறது. "செலக்ஷன் போச்சு", "ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைக்காது" என்று இரவெல்லாம் புரள்வதைவிட, காலையில் கோச்சிடம் நேராகக் கேளுங்கள்: அடுத்த டிரையல்ஸ் எப்போது, இந்த முடிவுக்கு எவ்வளவு கணக்கு, வேறு எந்தப் போட்டியின் சான்றிதழ் செல்லும்? பதில் மோசமாகவே இருந்தாலும், இருட்டில் கற்பனை செய்வதைவிடச் சின்னதாகத்தான் இருக்கும்.

வெட்கம்தான் இவற்றில் கொடியது. சோகம் "இழந்துவிட்டேன்" என்கிறது, வெட்கம் "நான் லாயக்கில்லாதவன்" என்கிறது. மறைக்க மறைக்க வளரும். கிரவுண்டுக்குப் போகாமல் இருப்பது, சக வீரர்களைக் கண்டால் வேறு தெருவில் திரும்புவது எல்லாம் இதன் அடையாளங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வது தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அணி ஆட்டத்தில் இது இன்னும் கனக்கும். 2022 மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாடில் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்ற 16 வயது குகேஷ், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் வென்றிருக்க வேண்டிய ஆட்டத்தைக் கோட்டைவிட்டார். அந்தச் சுற்று சமனில் முடிந்தது, தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது, அவர் ஆடிய இந்திய இரண்டாம் அணிக்கு வெண்கலம். அன்று நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்த அந்தப் பையனைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து புடாபெஸ்டில் இந்தியா தங்கம் வென்றபோது முதல் பலகையில் ஆடியவர் அவரேதான்.

தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து உட்கார்ந்து பதினைந்து, இருபது நிமிடம் எழுதுங்கள். எழுத்துப் பிழை, ஒழுங்கு எதையும் பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம். எழுதி முடித்ததும் நோட்டை மூடி வைத்துவிட்டுப் படுங்கள். தூங்காத மூளைக்கு மறுநாள் எல்லாமே இரண்டு மடங்கு வலிக்கும். அன்றைய இரவில் தூக்கத்தைவிடப் பெரிய பயிற்சி எதுவும் இல்லை.

படி 5: துக்கத்துக்கு ஒரு கெடு

அமெரிக்கக் கால்பந்தில் புகழ்பெற்ற பயிற்சியாளர் டான் ஷூலா 24 மணி நேரக் கெடு ஒன்றைக் கடைப்பிடித்தார். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரு நாள் அதைக் கொண்டாடலாம் அல்லது நொந்துகொள்ளலாம், அப்புறம் அடுத்த ஆட்டம். இன்று பல அணிகள் இதைக் கையாள்கின்றன.

24 என்ற எண்ணில் மந்திரம் ஏதுமில்லை. ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டத்துக்கு ஒரு மாலை போதும். நான்கு ஆண்டு உழைப்பு ஒரே நாளில் போனவருக்கு ஒரு நாள் போதும் என்று சொல்வது கொடுமை. அவருக்கு வாரங்கள் ஆகலாம். கெடு வைப்பதன் பயன் இரண்டு பக்கமும் இருக்கிறது. அதுவரை வருந்த முழு அனுமதி, யாரும் "விடுப்பா" என்று அவசரப்படுத்தக் கூடாது. அதற்குப் பிறகு வருத்தம் மிச்சமிருந்தாலும் வேலை தொடங்கும்.

2024 ஏப்ரலில் டொராண்டோவில், உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்க நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் ஏழாவது சுற்றில் நேர நெருக்கடியில் ஃபிரூஜாவிடம் குகேஷ் தோற்றார். அதிர்ஷ்டவசமாக மறுநாள் ஓய்வு நாள். அந்தத் தோல்விதான் தனக்குப் புது உத்வேகம் கொடுத்தது என்று பின்னால் சொன்னார், போட்டியையும் வென்றார். உங்கள் போட்டி அட்டவணையில் ஓய்வு நாள் இல்லையென்றால் நீங்களாகத்தான் அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

படி 6: இப்போதுதான் ஆய்வு

தூங்கி எழுந்து, சாப்பிட்டு, கொஞ்சம் ஆறிய பிறகு நோட்டும் பேனாவும். கோச் கூட இருந்தால் நல்லது.

ஒரு நீளம் தாண்டும் மாணவியை வைத்துக்கொள்வோம். மாவட்டப் போட்டி. முதல் மூன்று வாய்ப்புகளிலும் சிவப்புக் கொடி. மூன்றும் ஃபவுல், அளவு எதுவும் பதிவாகவில்லை, முதல் எட்டுப் பேருக்குக் கிடைக்கும் அடுத்த மூன்று வாய்ப்பும் போயிற்று. அவள் சொல்வது: "பெரிய போட்டின்னா எனக்குப் பயம். என்னால முடியாது."

இது நடந்ததா, நடந்ததைப் பற்றிய தீர்ப்பா? தீர்ப்பு. அதைத் தள்ளி வைத்துவிட்டு நடந்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். மூன்று ஃபவுலும் பலகையைத் தாண்டிக் கால் வைத்ததால் வந்தவை. எவ்வளவு தாண்டி? முதல் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, மூன்றாவது மயிரிழை. ரன்-அப் குறியை, அதாவது ஓட ஆரம்பிக்கும் இடத்தை, எங்கே அளந்து வைத்தாள்? தினமும் பயிற்சி செய்யும் மண் தரையில் பழகிய அதே அளவு. போட்டி நடந்தது சிந்தெடிக் தளத்தில். அதில் உந்துதல் அதிகம், அடி நீளும். முதுகுப் பக்கம் காற்றும் அடித்தது, அடி இன்னும் நீளும். முதல் ஃபவுலுக்குப் பிறகு குறியைப் பின்னால் நகர்த்தினாளா? இல்லை. ஏன்? பதறிவிட்டாள், கோச்சும் அந்தப் பக்கம் இல்லை.

"என்னால முடியாது" என்ற தீர்ப்பு இப்போது என்ன ஆயிற்று? குறியைத் தளத்துக்கும் காற்றுக்கும் ஏற்ப மாற்றத் தெரியவில்லை, முதல் ஃபவுலுக்குப் பிறகு என்ன செய்வது என்ற திட்டம் இல்லை என்ற இரண்டு வேலைகளாக உடைந்துவிட்டது. இரண்டும் கற்றுக்கொள்ளக்கூடியவை. பதற்றமும் உண்மைதான். ஆனால் அது மூல காரணமா, முதல் ஃபவுலின் விளைவா என்று இப்போதுதான் கேட்க முடிகிறது.

ஆய்வு செய்யும்போது காரணங்களை இப்படித்தான் எடைபோட வேண்டும். எது என் கையில் இருந்தது, எது இல்லை? எது இந்த ஒரு நாளுக்கானது, எது பல போட்டிகளாகத் தொடர்கிறது? "திறமை இல்லை" என்பது கையில் இல்லாத, மாறாத காரணம். அதை எழுதிய பிறகு அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்காது. "எல்லாம் துரதிர்ஷ்டம்" என்பதும் அதே மாதிரிதான்.

நன்றாக நடந்ததையும் எழுதுங்கள். மனசைத் தேற்ற மட்டுமில்லை, கணக்கு சரியாக வருவதற்கும் அது வேண்டும். 2020 டிசம்பரில் அடிலெய்டில் இந்தியா 36 ரன்னில் சுருண்டது, டெஸ்ட் வரலாற்றில் இந்தியாவின் மிகக் குறைந்த ஸ்கோர். ஆனால் அதே ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸில் இந்தியா 53 ரன் முன்னிலை பெற்றிருந்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அணி நிர்வாகம் வைத்திருந்தது. 36-ஐப் பார்த்துப் பயந்து அடுத்த மெல்போர்ன் டெஸ்டில் ஒரு பேட்ஸ்மேனைக் கூடுதலாகச் சேர்க்கவில்லை. நாடு திரும்பிய கோலியின் இடத்தில் ஜடேஜாவை எடுத்து, பந்துவீச்சை ஐந்து பேராக வலுப்படுத்தினார்கள். ரஹானே சதம் அடித்தார், இந்தியா 8 விக்கெட்டில் வென்றது. தொடரை 2-1 என்று முடித்த பிரிஸ்பேன் டெஸ்டில் நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் அறிமுகமானார்கள். ஒரு மோசமான மணி நேரத்துக்கு மருந்தாக மொத்தத் திட்டத்தையும் புரட்டிப் போடாததுதான் அந்த ஆய்வின் சிறப்பு.

ஆய்வு ஒரே அமர்வில் முடிய வேண்டும், ஒரு மணி நேரம் தாராளம். கடைசியில் தாளில் இரண்டு, அதிகம் போனால் மூன்று வேலைகள் மிஞ்சலாம். "ஏன் நான் இப்படி?" என்று மனம் மறுபடியும் ஓடினால் அதற்குப் பெயர் ஆய்வு இல்லை, அரைத்த மாவு.

படி 7: உங்களிடம் நீங்கள் பேசும் பேச்சு

சக வீரர் ஒருவர் இதே மாதிரி தோற்று வந்தால் என்ன சொல்வீர்கள்? அதை உங்களுக்கும் சொல்லுங்கள், முடிந்தால் உங்கள் பெயரைச் சொல்லியே. தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசும்போது கொஞ்சம் விலகி நின்று பார்க்க முடிகிறது.

இதைச் சொன்னாலே பல வீரர்கள் முகம் சுளிப்பார்கள். தன்னைத் திட்டிக்கொண்டால்தான் வெறி வரும், தட்டிக்கொடுத்தால் மந்தமாகிவிடுவோம் என்ற எண்ணம். கிறிஸ்டின் நெஃப் போன்ற உளவியலாளர்கள் இந்தத் துறையில் பல ஆண்டுகளாகச் செய்யும் ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. தன்னிடம் கருணையோடு இருப்பவர்கள் தப்பை ஒத்துக்கொள்ளவும் மறுபடி முயலவும் கூடுதலாகவே முன்வருகிறார்கள். யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. அடி விழும் என்று தெரிந்தால் யார்தான் தப்பை நேராகப் பார்ப்பார்கள்?

கணக்கு வேண்டுமென்பவர்களுக்கு ஒன்று. டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் 2024-இல் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் சொன்னது: தான் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் வென்றாலும், மொத்தப் புள்ளிகளில் வென்றது 54 சதவீதம்தான். அவரே ஏறக்குறைய ஒவ்வொரு இரண்டாவது புள்ளியையும் இழந்திருக்கிறார்.

படி 8: பயிற்சிக்குத் திரும்புவது

முதல் நாள் பயிற்சி தண்டனையாக இருக்கக் கூடாது. தோற்றதற்குப் பத்து ரவுண்டு கூடுதல் ஓட்டம் என்றால், உடம்பு ஓட்டத்தையே தண்டனையாகக் கற்றுக்கொள்ளும், காயமும் வரும். நன்றாக வரும் ஒன்றில் ஆரம்பித்து, ஆய்வில் மிஞ்சிய வேலைக்கு மெதுவாகப் போங்கள். அந்த மாணவி முதல் நாள் தாண்டவே வேண்டாம், ரன்-அப் ஓடிக் கால் எங்கே விழுகிறது என்று மட்டும் பார்க்கலாம். அடுத்த நாள் குறியை வேண்டுமென்றே மாற்றி வைத்து ஓடலாம். சிந்தெடிக் தளம் எங்கே கிடைக்கிறதோ அங்கே போட்டிக்கு முன் ஒரு நாளாவது ஓடிப் பார்க்க வேண்டும்.

அதோடு, "இப்படி ஆனால் இதைச் செய்வேன்" என்று ஒரு திட்டம். முதல் ஜம்ப் ஃபவுல் ஆனால்: மூச்சு, எவ்வளவு தாண்டினேன் என்று கேட்பேன், குறியை அவ்வளவு பின்னால் நகர்த்துவேன். இரண்டாவதும் ஃபவுல் ஆனால்: மூன்றாவதில் பலகைக்கு முன்னாலிருந்தே எழும்பி ஒரு அளவைப் பதிவு செய்வேன். பதற்றமான நேரத்தில் யோசிக்க முடியாது, ஏற்கெனவே யோசித்து வைத்ததைச் செய்ய முடியும்.

குறிப்பான வேலை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு விராட் கோலியின் இரண்டு இங்கிலாந்துப் பயணங்கள் போதும். 2014-இல் 10 இன்னிங்ஸில் 134 ரன், நான்கு முறை ஆண்டர்சனிடம் அவுட். நிற்கும் நிலையையும் முன்னால் வந்து ஆடுவதையும் மாற்றிக்கொண்டு 2018-இல் போனபோது 593 ரன், ஆண்டர்சனால் ஒரு முறைகூட எடுக்க முடியவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் மோதித்தான் கடக்க வேண்டும் என்பதில்லை. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்தரத்தில் தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு தப்பிப்போனதால் அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் அணி இறுதிப் போட்டியின் நடுவில் விலகினார். ஜிம்னாஸ்டிக்கில் அந்த நிலையில் தாவினால் கழுத்து முறியும். கடைசியில் பேலன்ஸ் பீமில் மட்டும், திருகல் இல்லாத இறக்கத்துடன் ஆடி வெண்கலம் வாங்கினார். 2024 பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. பயம் காயத்தைப் பற்றியதாக இருந்தால் விலகுவதும் திறமைதான்.

எப்போது வெளி உதவி தேடுவது

இரண்டு வாரம் கடந்தும் தூக்கம், பசி திரும்பாதது, பிடித்த எதிலும் ஆர்வம் இல்லாதது, படிப்போ வேலையோ கெடுவது, மது, போதை, எடைக்காகச் சாப்பாட்டை விடுவது, சாவைப் பற்றிய பேச்சு. இதில் எது தெரிந்தாலும் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். கடைசி ஒன்றுக்கு இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றே பேச வேண்டும், ஆளைத் தனியாக விடக் கூடாது. இந்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926. ஆட்டத்தில் தலையில் அடிபட்டு அதற்கப்புறம் எரிச்சல், சோர்வு, தூக்கக் கோளாறு என்றால் அது தோல்வி வருத்தம் என்று விட்டுவிடாமல் முதலில் மருத்துவரிடம் போங்கள்.

2014 தொடரின்போது மன அழுத்தத்தில் இருந்ததாகக் கோலியே பின்னால் வெளிப்படையாகச் சொன்னார். உலக சாம்பியன்ஷிப் போட்டிக்குத் தயாராகும்போது குகேஷுடன் மனப் பயிற்சியாளர் பேடி அப்டன் இருந்தார். கோச்சுகள் இதையெல்லாம் தங்கள் பிள்ளைகளிடம் எடுத்துச் சொன்னால், உதவி கேட்பது அவமானம் என்ற நினைப்பு கொஞ்சம் விலகும்.

படி 9: அடுத்த போட்டி

பழைய காட்சி அடுத்த போட்டியன்று கட்டாயம் வரும். வார்ம்-அப்பின்போது, பெயர் கூப்பிடும்போது வரும். வரக் கூடாது என்று நினைத்தால் அதோடு சண்டை போடுவதிலேயே சக்தி போய்விடும். "வந்துட்டியா, சரி" என்று விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பழிவாங்கல், மீண்டெழுதல் என்ற பெரிய வார்த்தைகளை அடுத்த போட்டியின் தலையில் கட்ட வேண்டாம். பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவைப் பாருங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இரண்டாம் பகுதியான கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று முயற்சியும் தோல்வி, மொத்த எடையே பதிவாகவில்லை. 2017-இல் உலக சாம்பியன், டோக்கியோவில் 202 கிலோவுடன் வெள்ளி. கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். 2024 பாரிஸில் 199 கிலோ தூக்கி, ஒரே ஒரு கிலோவில் வெண்கலத்தை இழந்து நான்காவதாக வந்தார். ஒரு தோல்வியிலிருந்து மீண்டவருக்கும் இன்னொன்று வரும், அப்போதும் தண்ணீர் குடித்து, நடந்து, சாப்பிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

அதனால் அடுத்த போட்டிக்கான இலக்கை முடிவில் வைக்காமல் செயலில் வையுங்கள். அந்த மாணவிக்கு அது "மூன்றில் இரண்டு செல்லும் ஜம்ப், ஒவ்வொன்றுக்கும் முன்னால் காற்றைப் பார்த்துக் குறியைச் சரிபார்ப்பது." இதை ஒரு சின்ன அட்டையில் எழுதி ஸ்பைக் பையில் வைத்துக்கொள்ளட்டும். கோச் போட்டிக்குப் பிறகு கேட்கும் முதல் கேள்வியும் அந்த அட்டையைப் பற்றியதாகவே இருக்கட்டும். எத்தனை மீட்டர் என்பது எப்படியும் முடிவுப் பலகையில் எழுதித்தான் இருக்கும்.